இருபத்திமூணு சென்டிமீட்டர்

பின் கண்ணாடியில இருக்கற பேரைப் பாக்கறீங்களா? அது ஸ்டிக்கருதானுங்க. சுடுதண்ணியில துணிய நனைச்சு அஞ்சு நிமிசம் ஒத்தி வெச்சுட்டுச் சுரண்டுனா தழும்பு கூட இருக்காதுன்னு ஒட்டுன கடைக்காரனே சொன்னான். நானே செஞ்சிருப்பன். நாலு மாசமா நெனச்சுட்டுத்தான் இருக்கறன், ஒவ்வொரு நாளும் ஒரு வேலை வந்துருது. நீங்க வண்டிய எடுத்தீங்கன்னா உங்க புள்ளைங்க பேரை ஒட்டிக்கலாம். ரண்டு பேருன்னு போன்ல சொன்னீங்க இல்லீங்களா? எடம் தாராளமா இருக்குது. இந்துமதிங்கறது என்ற மக பேரு. ஒரே மக.

உக்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாம், இதுல உக்காருங்க. பவானியிலருந்து பைக்குலயே வந்தீங்களா? மழை வர்ற மாதிரி இருக்குது பாருங்க. ஐப்பசியில இதான் தொந்தரவு. இப்ப மணி அஞ்சேகால். மக வேலையில இருந்து வர்றதுக்கு அஞ்சே முக்கா ஆகும். அதுக்குள்ள நீங்க பாத்துட்டுக் கெளம்பிட்டா நல்லது. அவளுக்கு விக்கறது தெரியாதோன்னு நெனைக்காதீங்க. போட்டோ புடிச்சு வெளம்பரம் போட்டதே அவதான். இந்தப் போன்ல எனக்கு அதெல்லாம் வராது.

கிலோமீட்டரு பாத்தீங்களா? மூவாயிரத்து நூத்தி நாப்பது. ரண்டு வருசம் ரண்டு மாசத்துல அவ்வளவுதான் ஓடியிருக்குது. வர்றவங்க அத்தன பேரும் அதப் பாத்துட்டு என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. என்னமோ கோளாறு இருக்குது, பெருசு மறைக்குதுன்னு. வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. சர்வீசு ஒண்ணு விடாமப் பண்ணியிருக்கறன். முன்னாடி எடதுபக்க சீட்டுல பிளாஸ்டிக் கவரு கூட இன்னும் பிரிக்கல, பாருங்க. மத்த சீட்டுல பிரிச்சுட்டன். அதுல மட்டும் அவ வந்து உக்காந்து பிரிக்கட்டும்னு விட்டு வெச்சன். உக்காந்தா. பிரிக்கல.

எப்படி வாங்குனன்னு சொன்னாத்தான் உங்களுக்கு நம்பிக்கை வரும். நான் முப்பத்திமூணு வருசம் சர்வேயரா இருந்தவன். தாலுகாபீசுல நாச்சிமுத்து சர்வேயர்னு கேட்டுப் பாருங்க. அண்ணந் தம்பி அரை அடிக்கு அருவாளத் தூக்கிட்டு நிப்பாங்க, நான் போயிச் சங்கிலியப் போட்டு அளந்து கல்லு நட்டா ரண்டு பேரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அளந்ததை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாதுங்க. அதனால அளக்காம நான் எதையும் வாங்குனதில்ல. ருக்குமணி, அதான் என்ற ஊட்டுக்காரி, பீரோ வாங்கறதுக்குப் போனப்ப கூட நான் டேப்பு எடுத்துட்டுத்தான் போனன்.

இந்த நோட்டு இருக்குது பாருங்க, இது பூராவும் இந்த வண்டிதான். எம்பது பக்கம். வண்டிய எடுக்கறவங்களுக்கு நோட்டையும் குடுத்துரலாம்னு இருக்கறன். உங்களுக்கும் பிரயோசனப்படும்.

மகளைப் பத்திச் சொல்லணும். பதினாலு வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. நாலாம் நாளு காய்ச்சல் எறங்கிருச்சு, ஆனா முதுகுத்தண்டுல என்னமோ பண்ணிட்டுப் போயிருச்சு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. கோயமுத்தூரு, வேலூரு எல்லாம் போயிப் பாத்தாச்சு. அது கெடக்கட்டுமுங்க. அப்பறம் சக்கர நாற்காலிதான். நாங்க சேருன்னுதான் சொல்றது. அதுலயே ஸ்கூலு முடிச்சா, அதுலயே பி.காம் முடிச்சா.

அப்ப எங்ககிட்ட பழைய சின்னக் காரு ஒண்ணு இருந்துச்சு. தாழ்வான வண்டி. அவகிட்ட ஒரு பலகை இருந்துச்சுங்க. தேக்குப் பலகை, ரண்டே கால் அடி நீளம், ஒம்பது அங்குல அகலம். ஆசாரிகிட்ட அவளே அளவு சொல்லி, எழைச்சு மெழுகு தேச்சு வாங்கிக்கிட்டா. சேரைக் காரு கதவோரம் கொண்டாந்து நிறுத்துவா. பலகையோட ஒரு முனைய சேர்ல, ஒரு முனைய காரு சீட்டுல வெப்பா. கைய ஊனி அப்பிடியே சரிஞ்சு சரிஞ்சு உள்ள போயிருவா. அப்பறம் காலு ரண்டையும் கையால தூக்கி உள்ள வெச்சுக்குவா. சேரை மடிச்சுப் பின்னால போடறது மட்டும் என்ற வேலை. அவ ஏறறப்ப நான் ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டு நேரா பாத்துட்டு உக்காந்திருக்கோணும். திரும்பிப் பாத்தா அவளுக்குக் கோவம் வரும்.

அப்பிடி இருக்கறப்ப ரண்டு வருசத்துக்கு முந்தி ஆனி மாசம் லெட்டரு வந்துச்சு. பரிச்சை எழுதியிருந்தா, பேங்குல வேலை. கவுந்தப்பாடி கிளை. செப்டம்பர் ஒண்ணாந்தேதி சேரணும். நம்ம வாசல்லயிருந்து அந்த பேங்குப் படி வரைக்கும் பதினாலே முக்கா கிலோமீட்டரு, நான் போயி அளந்துட்டு வந்தன். ருக்குமணி அழுதா. நான் அழுகல. எனக்கு என்ன தோணுச்சுன்னா, இனி இந்தத் தகரடப்பாவுல புள்ளையக் கூட்டிட்டுப் போகக் கூடாது. அந்த ரோட்டுல வாய்க்கால் பாலம் ரண்டு இருக்குது, மழைக்கு முழங்கால் தண்ணி நிக்கும், கரும்பு லாரி எதுக்கால வரும். பெருசா, உயரமா, கெட்டியா ஒரு வண்டி வேணும். சேரை மடிக்காம அப்பிடியே ஏத்தறாப்புல எடம் வேணும். ருக்குமணியோட அண்ணன் கூட அதையேதான் சொன்னாரு. புள்ளைக்குன்னு வாங்கறப்ப யோசிக்காதீங்க மாப்பிள்ளைன்னாரு.

மககிட்டயும் சொன்னன். கேக்காமல்லாம் இல்லீங்க. அவ சொன்னா, "எடுக்கறதுன்னா ஆட்டோமேட்டிக் வண்டியாப் பாருங்கப்பா. சின்னதாவே இருக்கட்டும்."

எனக்கு எடது முழங்காலு வலி. கிளட்ச மிதிச்சு மிதிச்சு வந்தது. பொழுதோட உக்காந்து தைலம் தேய்ப்பன். அதப் பாத்துட்டுத்தான் சொல்றான்னு தெரிஞ்சுக்கிட்டன். பாருங்க, நடக்க மாட்டாத புள்ள அப்பங்காலைப் பத்திக் கவலைப்படுது. எனக்காக எதுக்கு அம்மிணி, அதுல மைலேஜும் குடுக்காது, இந்தக் காலு இன்னும் இருவது வருசம் மிதிக்கும்னன். அவ என்னமோ சொல்ல வந்தா. ருக்குமணி சோத்துக்குக் கூப்புட்டா. அத்தோட போச்சு. அப்பறமும் ரண்டு தரம் அதையே சொன்னா. நான் முழங்காலத் தட்டிக் காட்டிச் சிரிச்சுட்டுப் போயிட்டன்.

அப்பறம் ஷோரூமுக்குப் போக ஆரம்பிச்சன். ஈரோடு, பெருந்துறை, சேலம், கோயமுத்தூரு. கம்பெனிப் பேரெல்லாம் எதுக்குங்க, எல்லாந்தான் பாத்தன். போறப்ப சேரையும் எடுத்துட்டுப் போயிருவன். பழைய காருல பின்சீட்டுல போட்டு, அங்க போயி எறக்கி, விரிச்சு உருட்டிட்டு உள்ள போவன். கண்ணாடிக் கதவத் தொறந்துட்டு ரண்டு மூணு பசங்க ஓடியாருவாங்க. ஒரு எடத்துல சரிவுப் பலகையெல்லாம் கொண்டாந்து போட்டாங்க, மரியாதை தெரிஞ்ச பசங்க. என்ற பின்னால எட்டிப் பாத்துட்டு, "ஆளு எங்க சார்?"னான் ஒருத்தன். ஆளு வீட்டுல இருக்குது தம்பி, சேருக்குத்தான் எடம் வேணும்னன்.

எல்லா வண்டியிலயும் ஏத்திப் பாத்தன். உங்களுக்கும் சொல்றன், கேட்டுக்கங்க. சாமான் வெக்கற எடம் எத்தன லிட்டருன்னு நோட்டீசுல போட்டிருப்பான். லிட்டர்ல என்னங்க இருக்குது, தண்ணியா ஊத்தப் போறோம்? அகலம், ஆழம், உயரம், மூணையும் டேப்பு வெச்சு அளங்க. ஏழு சீட்டும்பான். மூணாவது வரிசையில நீங்க உக்காந்தா முழங்காலு தாடைய இடிக்கும். அந்த ஏழையும் விரிச்சு வெச்சா பின்னால ஒரு அரிசி மூட்ட போகாது. தரையிலருந்து வண்டி அடி வயிறு எவ்வளவு உயரம்னு பாருங்க, அதுவும் ஆளு ஏறாம பாக்காதீங்க, அஞ்சு பேரை ஏத்திட்டுப் பாருங்க. ஓட்டிப் பாக்கறப்பவும் அப்பிடித்தான். தனியா ஓட்டுனா எல்லா வண்டியும் பறக்கும். வீட்டு ஆளுங்களை ஏத்திட்டுப் போயி ஒரு மேட்டுல நிறுத்தி எடுத்துப் பாக்கணும். அப்பத்தான் வண்டியோட குணம் தெரியும்.

நான் கூட்டிட்டுப் போனனான்னு கேக்கறீங்களா?

இல்லீங்க. அது எதுக்குங்க. ஷோரூமுல பத்துப் பேரு நின்னு பாப்பாங்க, புள்ளைக்குச் சங்கடம். அதான் சேரு வந்துச்சில்ல. நீங்களும் போன்ல உங்கம்மாவுக்கு முழங்காலு வலின்னீங்க, கூட்டிட்டு வரலயே. அதுஞ் செரிதான். எதுக்குச் சிரமப்படுத்தறது.

ஒரு சேருதானுங்க எங்ககிட்ட இருந்தது. அத நான் எடுத்துட்டுப் போனா இந்து கட்டில்லயே இருப்பா. புஸ்தகம் படிச்சுட்டு, செவுத்துல சாஞ்சுக்கிட்டு. ஒரு வார்த்த கோவிச்சதில்ல. ருக்குமணிதான் ஒரு நாளு சொன்னா, காலையில உக்காந்தவதானுங்க, வாசலுக்குக் கூட வரல, பாத்ரூம் போறதுக்கு நாந்தான் இழுத்துட்டுப் போறன்னு. ஒரு நாளைக்குத்தானன்னன். மொத்தம் பத்தொம்பது நாளு ஆச்சு. நோட்டுல தேதியெல்லாம் இருக்குது.

கடைசியா மூணு வண்டியில வந்து நின்னுச்சு. அந்த மூணுலயும் சேரு மடிக்காம போச்சு. அதுல இதுதான் கெட்டி. கதவ அடைச்சுப் பாருங்க, சத்தமே சொல்லும். எல்லா அளவும் எழுதிட்டு, கடைசியா சீட்டு உயரம் அளந்தன். தரையிலருந்து எழுவத்திமூணு சென்டிமீட்டரு. சேரோட உயரம் அம்பது. பழைய காரு சீட்டு அம்பத்தொண்ணு. இதுல இருபத்திமூணு ஏத்தம் வருது. பலகை வெச்சா ஏத்தமா நிக்கும், சரிஞ்சு ஏற முடியாது. நான் கவனிக்காம இல்லீங்க. கவனிச்சன். அளந்தன். நோட்டுல எழுதியிருக்கறன், நாப்பத்தொண்ணாம் பக்கம். அதுக்கு என்ன வழின்னும் எதுக்காலயே எழுதிட்டன்.

ஆடியில எடுக்கக் கூடாதுன்னு ஆவணி மொத முகூர்த்தத்துல டெலிவரி எடுத்தன். பழைய காரை அங்கயே மாத்திக்கிட்டாங்க. கோயில்ல பூச போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, வர்ற வழியிலயே பேரையும் ஒட்டிட்டு வந்தன். அவ பாத்தா சந்தோசப்படுவான்னு சொல்லாம ஒட்டுனன்.

இதே போர்ட்டிகோவுலதான் நிறுத்துனன். இந்து சேரை உருட்டிட்டு வந்தா. பேரைப் பாத்தா, சிரிச்சா. சுத்தி வந்தா. எடது கதவத் தொறந்து வெச்சன். அவ கதவுக்கிட்ட வந்து நின்னா. சீட்டைப் பாத்தா. அவ முழங்கை உயரத்துக்கு இருந்துச்சு.

"பலகை எங்கப்பா?"ன்னா.

அது பழைய வண்டியோட போயிருச்சு அம்மிணி, இனி உனக்கு எதுக்குன்னன். குனிஞ்சு அவளத் தூக்கி சீட்டுல வெச்சன். நாப்பத்தாறு கிலோ. எனக்கு அது ஒரு பாரமே இல்லீங்க. அவ சின்னக் கொழந்தையா இருந்தப்பத் தூக்குனது. பதினாலு வயசுக்கப்பறம் ஆஸ்பத்திரியில தூக்குனன், அப்பறம் தூக்க விடல. மறுபடியும் தூக்கறன். உங்க ரண்டு புள்ளைங்கள்ல மக இருக்குதுங்களா? மக இருந்தா உங்களுக்குப் புரியும். எனக்கு அது சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்லலீங்க.

செப்டம்பர் ஒண்ணாந்தேதி வேலையில சேந்தா. தெனமும் நாந்தான் கூட்டிட்டுப் போறது. ஒரு நாளைக்கு நாலு தரம் தூக்கணும். வீட்டுல ஒருக்கா, பேங்கு வாசல்ல ஒருக்கா, பொழுதோட பேங்கு வாசல்ல ஒருக்கா, வீட்டுல ஒருக்கா. பேங்கு வாசல்ல காலையில வெல்லம் போடறவங்க, மஞ்சக் காட்டுக்காரங்க எல்லாம் நிப்பாங்க. நான் தூக்குனதும் பேச்ச நிறுத்திட்டுப் பாப்பாங்க. ஒருத்தரு சேரைப் புடிக்க ஓடி வருவாரு. நல்ல சனங்க. உள்ள போயி அதே சனங்களுக்குத்தான் இவ கவுண்டர்ல உக்காந்து பணம் குடுக்கோணும். தூக்கறப்ப அவ என்ற கழுத்தப் புடிச்சுக்கறதில்லீங்க. கைய மடியில வெச்சுக்குவா. கண்ணு எங்கயோ பாக்கும். நான் அத வெக்கம்னு நெனச்சன்.

பதினேழாவது நாளுங்க. பேங்கு வாசல்ல தூக்கி எறக்கிச் சேர்ல வெச்சுட்டு நிமிர்றன், நிமிர முடியல. இடுப்புல ஒரு வெட்டு. அங்கயே காலு மடங்கி உக்காந்துட்டன். அந்த மஞ்சக் காட்டுக்காரங்கதான் என்னத் தூக்குனாங்க. ஜவ்வு வெலகியிருக்குது, பதினஞ்சு நாளைக்கு அசையக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு.

வண்டி இங்க நிக்குது. சாவி ஆணியில தொங்குது. நான் கட்டில்ல. ருக்குமணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது, தூக்கவும் முடியாது. ஆட்டோக்காரன் ஒருத்தன் நான் தூக்கி வெக்கறன் அம்மிணின்னு வந்தான். அவ மாட்டேன்னுட்டா. சேந்து ஒரு மாசங்கூட ஆகல, லீவு போட்டா. ஒரு நாளு, ரண்டு நாளு. மேனேஜரு போன் பண்ணாரு. மெரட்டல, என்னம்மா ஆச்சுன்னுதான் கேட்டாரு. மூணு மாசத்துக்குள்ள இப்பிடி லீவு போட்டா வேலை உறுதி ஆகாதுன்னும் சொல்லியிருக்காரு. அது எனக்கு அப்பறந்தான் தெரியும்.

மூணாம் நாளோ நாலாம் நாளோ, மத்தியானம். சேரை உருட்டிட்டு என்ற கட்டிலுக்கிட்ட வந்தா. அந்த நோட்டக் குடுங்கப்பான்னா. தலகாணிக்கு அடியில இருந்து எடுத்துக் குடுத்தன். மொதப் பக்கத்துல இருந்து படிச்சா. ஒரு பக்கம் விடல. பத்தொம்பது நாளுக் கணக்கையும் படிச்சா. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, அப்பன் எவ்வளவு அலைஞ்சிருக்கான்னு தெரியட்டும்னு. நாப்பத்தொண்ணாம் பக்கத்துல நிறுத்துனா. நிறுத்திட்டு சத்தமாப் படிச்சா.

"சீட்டு ஏற்றம் இருபத்திமூன்று சென்டிமீட்டர். நான் தூக்கிக்கொள்வேன்."

ஃபேன் சுத்திக்கிட்டிருந்துச்சு.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாங்கப்பா"ன்னா. கத்தலீங்க. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பன். "நானே ஓட்டறதுக்குத்தான் ஆட்டோமேட்டிக் கேட்டன். ஆக்சிலேட்டரு, பிரேக்கு ரண்டையும் கையால புடிக்கறாப்புல மாத்தித் தர்ற ஆளு கோயமுத்தூருல இருக்காரு. அவருகிட்டப் பேசிக்கூட வெச்சிருந்தேன். மூணு தரம் சொல்ல வந்தேன்."

நோட்ட மூடி தலகாணிகிட்ட வெச்சுட்டு உருட்டிட்டுப் போயிட்டா.

எனக்கு என்ன தோணுச்சுன்னு கேட்டா, ஒண்ணும் தோணலீங்க. மருந்து குடுத்திருந்தாங்க, இடுப்புக்குக் கீழ மரத்துப் போன மாதிரி இருந்துச்சு. காலை ஆட்டிப் பாத்தன். ஆடுச்சு. அதையே பாத்துட்டுப் படுத்திருந்தன். ருக்குமணி வந்து மோரு குடிக்கறீங்களான்னு கேட்டா. குடுன்னன்.

பதினொரு நாளு லீவு. பன்னண்டாம் நாளு அவ கூட வேலை பாக்கற புள்ள ஒண்ணு, பிரேமலதான்னு, அவங்க மாமா காரை எடுத்துட்டு வந்துச்சு. சின்னக் காரு. துணிமணியெல்லாம் கட்டி வெச்சிருந்தா. பேங்குக்குப் பக்கத்துலயே தரைத்தளத்துல ஒரு வீடு பாத்து வெச்சிருக்குதாம் அந்தப் புள்ள, ரண்டு பேரும் தங்கிக்கறாங்களாம். சேரை உருட்டிட்டே வேலைக்குப் போயிறலாமாம். ருக்குமணிகிட்ட எல்லாம் சொல்லியிருக்கறா. எங்கிட்ட வந்து, போயிட்டு வர்றேங்கப்பா, ஒடம்பப் பாத்துக்கங்கன்னா. அவ்வளவுதான். சண்டையெல்லாம் இல்லீங்க. அக்கம்பக்கத்துல என்னமோ சண்டைன்னு பேசுனாங்க. எங்க வீட்டுல யாரும் சண்ட போட மாட்டோம்.

ஒரு வருசம் எட்டு மாசம் அங்க இருந்தா. ஞாயித்துக்கிழமை நானும் ருக்குமணியும் போயிப் பாத்துட்டு வருவோம். இந்த வண்டியிலதான். அந்த மூவாயிரத்து நூத்தி நாப்பதுல பாதிக்கு மேல அதுதான். ஏழு பேரு வண்டியில ரண்டு பேரு, நடுவுல ஒரு டிபன் கேரியரு. ஒருக்கா அவளை, வா அம்மிணி, கோயிலுக்குப் போயிட்டு வரலாம், இப்ப எனக்கு இடுப்பு செரியாயிருச்சுன்னன். வேணாங்கப்பான்னா. கலரு புடிக்கலையோ என்னமோ. வெள்ளை எடுத்திருக்கலாம்னு எனக்கு அப்பவே ஒரு யோசன இருந்துச்சு.

பழைய வண்டியத் தேடிப் போனன். அது ஒரு நாளு தோணுச்சு. மாத்திக்கிட்ட எடத்துல கேட்டா, மாசக்கணக்காச்சு சார், எங்கயோ தர்மபுரிப் பக்கம் போயிருச்சுன்னாங்க. பின்சீட்டுக்கு அடியில ஒரு பலகை இருந்துச்சேன்னன். அந்தப் பையன் என்ன மேலயும் கீழயும் பாத்தான். பலகையாங்கன்னான். ஆமா, ரண்டே கால் அடின்னன். வந்துட்டன்.

அப்பறம் இந்த ஆனி மாசம். ஒரு சாயங்காலம் கேட்டுக்கு வெளிய ஆரன் சத்தம். போயிப் பாத்தா சின்ன வண்டி, ஆட்டோமேட்டிக்கு, ஸ்டியரிங்குக்குப் பின்னால இவ உக்காந்திருக்கறா. கவுந்தப்பாடியிலருந்து தனியா ஓட்டிட்டு வந்திருக்கறா. அவ சம்பளத்துல எடுத்தது. லைசென்சுக்குப் போறப்பக் கூட நான் வரட்டுமான்னு போன்ல கேட்டன். "வேணாங்கப்பா, நீங்க வந்தா தூக்கப் பாப்பீங்க"ன்னு சிரிச்சா. சிரிச்சுட்டுத்தான் சொன்னா. அவ அங்க போனப்பறம் அப்பிடி ஒரு சிரிப்பு நான் கேட்டது அன்னிக்குத்தான்.

திரும்பி வந்துட்டாளுங்க. இங்கிருந்துதான் இப்ப வேலைக்குப் போறா. புதுசாப் பலகை செஞ்சிருக்கறா. சேரு கூட எடை கம்மியானதா ஒண்ணு வாங்கிக்கிட்டா, சக்கரம் கழட்டிப் பக்கத்து சீட்டுலயே போட்டுக்குவா. நான் பண்றதுக்கு ஒரு வேலையும் இல்ல.

இதுல ஒரே ஒரு தொந்தரவு. போர்ட்டிகோவுல இந்த வண்டி நிக்குது. பதினஞ்சரை அடி. இன்னொரு வண்டிக்கு எடம் இல்ல. அவ கேட்டுக்கு வெளிய நிறுத்தி, வெயில்ல எறங்கி, ஜல்லியில சேரைத் தள்ளிட்டு வர்றா. மழைன்னா நனஞ்சுட்டே. உங்க வண்டிய வெளிய நிறுத்துங்கப்பான்னு அவ கேக்கலீங்க. "வித்துருங்கப்பா, ஓடாம நின்னா கெட்டுப் போயிரும்"னு மட்டும் ஒரு நாளு சொன்னா. நாலு மாசம் ஆச்சு. உங்களுக்கு முந்தி ஏழு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. வெலை ஒத்து வரல. ஒருத்தரு நான் சொன்ன வெலைக்கே எடுத்துக்கறன்னாரு, அவரு பேச்சு எனக்குப் புடிக்கல. இன்னொருத்தரு வாடகைக்கு ஓட்டறவரு, அவருகிட்டக் குடுத்தா வண்டிய நாசம் பண்ணிருவாரு. ருக்குமணி சொல்றா, நீங்க விக்க மாட்டீங்க, வர்றவங்களுக்கெல்லாம் கதை சொல்லி அனுப்பிட்டு இருக்கறீங்கன்னு. அவளுக்கு என்ன தெரியும்.

மழை போட்டுருச்சு பாருங்க. சொன்னனில்ல. உள்ள தள்ளி உக்காருங்க, சாரல் அடிக்குது.

அந்தா, அவ வண்டி. சத்தத்துலயே தெரியும். இன்னிக்கு பத்து நிமிசம் முந்தியே வந்துட்டா.

எந்திரிக்காதீங்க. கொடை வேண்டாமுங்க, உக்காருங்க. நீங்க போனாலும் அவ வேண்டாம்னுதான் சொல்லுவா, உங்களுக்குச் சங்கடம். அந்தப் பக்கம் பாக்காதீங்க. நோட்டப் பாருங்க. இல்ல என்னப் பாருங்க. நாலு நிமிசம் ஆகும். மழைன்னா அஞ்சு. மொதல்ல கதவு தொறக்கற சத்தம் கேக்கும். அப்பறம் சக்கரத்த மாட்டற சத்தம், டக்குன்னு ஒண்ணு, டக்குன்னு இன்னொண்ணு. அப்பறம் பலகை. பலகை சத்தம் கேக்காது, அதுதான் பெரிய வேலை.

இன்னும் கதவு தொறக்கல.

மழை நிக்கட்டும்னு உள்ளயே உக்காந்திருக்கறா போல இருக்குது. வைப்பரு ஓடறது கேக்குதுங்களா? நம்ம வாசலப் பாத்துட்டு உக்காந்திருப்பா. இந்த மழை இப்ப நிக்காதுங்க. வடக்க பூராவும் கருப்பா இருக்குது.

பாருங்க, நான் ரண்டு கையையும் தொடைக்கடியில வெச்சிருக்கறன். அவ வர்றப்ப எல்லாம் இப்பிடித்தான் உக்காருவன். இல்லீன்னா எந்திரிச்சுருவன்.

உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமுங்களா? பெரிய வண்டி ஓட்டிப் பழக்கமிருக்குதா? செரி. இந்தாங்க சாவி. புடிங்க. உங்க பைக்கு இங்கயே நிக்கட்டும். இத நீங்களே வெளிய எடுத்துட்டுப் போங்க. வெலையெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க, நீங்க என்ன சொன்னாலும் செரி. பேரை நீங்களே சுரண்டிக்கங்க. நேரா உங்க வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயி, உங்கம்மாவக் கூப்புட்டு, கதவத் தொறந்து வெச்சுட்டுத் தள்ளி நில்லுங்க. அவங்க தானா ஏறிப் பாக்கட்டும். கை குடுக்காதீங்க. ஏற முடியலைன்னா நாளைக்குக் கொண்டாந்துருங்க, வேற யாருக்காவது குடுத்துக்கறன். இங்க மட்டும் நிறுத்தாதீங்க, தெருவுல நிறுத்துங்க.

கேட்டு அகலம் பன்னண்டு அடி, தாராளமா போகும். ரிவர்சு எடுக்கறப்ப எடது பக்கம் அவ வண்டி நிக்குது, பாத்து எடுங்க. போங்க, சீக்கிரம் எடுங்க. அவ உள்ள வரோணும்.